புது வேலை, பக்கத்தில் கல்யாணம், 14 வேகங்கள்

"டாக்டர் ஐயா, கல்யாணக் களை வர வேண்டிய முகம்... இப்படி வாடிப் போயிருக்கே, பாருங்க. முடி கொத்துக் கொத்தா கொட்டுது. ஏதாவது தைலம் குடுங்க."

பெண்ணைப் பேசவே விடவில்லை அம்மா. பெண்ணுக்கு 24 வயது. பேங்கில் கேஷ் கவுன்ட்டர். வேலையில் சேர்ந்து மூன்று மாதம். கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம்.

நாடி பார்த்துக்கொண்டே, "காலையில என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்டேன்.

"காபி, டாக்டர்."

"அப்புறம்?"

"பதினோரு மணிக்கு இன்னொரு காபி."

தண்ணீர்? குடிப்பதே இல்லையாம். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். போனால் கல்லாவைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும், வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். சாயங்காலம் கணக்கு நேராகாவிட்டால், குறைகிற பணம் அவள் கையிலிருந்துதான் போகும். ராத்திரி படுத்தால் கனவிலும் நோட்டு எண்ணுகிறாள். லீவு நாளில் புடவைக் கடை, நகைக் கடை, பத்திரிகை. போதாக்குறைக்கு, பிளவுஸ் அளவுக்காக ராத்திரிச் சாப்பாட்டையும் குறைத்திருக்கிறாள்!

இதற்குத் தைலம் தடவி என்ன பயன், சொல்லுங்கள்?

சித்த மருத்துவத்தில் 14 வேகங்கள் என்று உண்டு. அபானவாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம். உடம்பு தானாகக் கேட்கிற இவற்றை வலுக்கட்டாயமாக அடக்கக் கூடாது. அடக்கினால் வாதம் நிலைகெட்டு, பித்தத்தையும் கபத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். இந்தப் பெண் சிறுநீர், பசி, தாகம், தூக்கம் நான்கையும் ஒரே நேரத்தில் அடக்கிக்கொண்டிருந்தாள்.

அம்மா செல்போனில் பேச வெளியே போன நேரத்தில் ஐந்தாவதும் வெளியே வந்தது. பொலபொலவென்று கண்ணீர். "யூரின் போனா எரியுது டாக்டர். நாள் தள்ளிப் போய் இருபது நாளாச்சு. அம்மாகிட்ட சொல்லல. வேலையை விடச் சொல்லிடுவாங்க."

அழட்டும் என்று விட்டுவிட்டேன். கண்ணீரை அடக்கினால் பீனிசமும் கண் நோயும் வரும் என்று காலேஜில் பாடம் நடத்தியபோது நாங்கள் சிரித்தோம். இப்போது சிரிப்பதில்லை.

முதலில் யூரின் டெஸ்ட். சீழ் செல்கள் நிறைய இருந்தன. தெரிந்த லேடி டாக்டரிடம் அனுப்பினேன். அவர் மாத்திரை கொடுத்தார், நான் நெருஞ்சில் குடிநீர் கொடுத்தேன். கிருமி தொற்றிய நீர்க்கடுப்பைக் கஷாயத்தை மட்டும் நம்பி விட்டுவைக்கக் கூடாது. காய்ச்சலும் நடுக்கமும் முதுகு வலியும் சேர்ந்தால் சிறுநீரகம் வரை போயிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நாள் தள்ளிப் போனதற்கும் காரணம் இதே பரபரப்புதான். கவலை, தூக்கக் குறைவு, பட்டினி மூன்றும் சேர்ந்தால் மூளையில் உள்ள ஹைபோதலாமஸ் பிட்யூட்டரி வழியாகச் சினைப்பைக்கு அனுப்புகிற உத்தரவு தடுமாறும். தைராய்டு, ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். ரத்தம் குறைவாகத்தான் இருந்தது. முடி கொட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அம்மா திரும்பி வந்ததும் இன்னொரு கேள்வி: "முகூர்த்தத்தன்னிக்கு வராம இருக்க மாத்திரை ஏதாவது...?" நிறைய வீடுகளில் மெடிக்கல் ஷாப்பில் தாங்களாகவே வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். ரொம்பத் தப்பு. சிலருக்கு ரத்தக் குழாயில் ரத்தம் உறைகிற ஆபத்து உண்டு. லேடி டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் சொல்லவில்லை. காலையில் காபிக்கு முன்னால் இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும். சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் பாட்டிலில் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். பதினோரு மணிக்குக் காபிக்குப் பதில் நீர்மோர். முருங்கைக்கீரையும் ஒரு நெல்லிக்காயும் சாப்பாட்டோடு. எரிச்சல் அடங்கிய பிறகு நல்லெண்ணெய்க் குளியல். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்பார்கள். பேங்க் உத்தியோகத்தில் அது நடக்குமா? லீவு விடுகிற சனிக்கிழமை குளிம்மா, ஒரு பாவமும் இல்லை என்றேன். குளித்த அன்று பகல் தூக்கம் மட்டும் வேண்டாம்.

கவுன்ட்டர் விஷயத்துக்கு என்னிடம் மருந்து கிடையாது. "மேனேஜர்கிட்ட நேராப் போய்ச் சொல்லும்மா, மதியத்துக்கு முன்னால பத்து நிமிஷம் வேணும்னு. அவருக்கும் பொண்ணு இருக்கும்."

அம்மாவிடம் தனியாகப் பேசினேன். புடவைக் கடை அலைச்சலை அப்பாவும் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள், வேலையை விடு என்கிற பேச்சைக் கல்யாணம் முடிகிற வரை எடுக்காதீர்கள் என்று. அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கியது. ஆனால் கேட்டுக்கொண்டார்.

பத்திரிகை வைக்க வந்தபோது பெண்ணின் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. "அனுமதி கிடைச்சுதாம்மா?" என்றேன்.

"கேட்டதும் குடுத்துட்டார், டாக்டர். அந்தப் பத்து நிமிஷம் அவரே கவுன்ட்டர்ல உட்கார்றார். ரெண்டாவது நாளே நூறு ரூபா குறைஞ்சுது!"