குளிர்ப்பெட்டியின் முதுகைப் பாருங்கள்

திருவாலங்காடு கோயில் பக்கம் குளிர்பானக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் போன சித்திரையில் போன் செய்தார். "தம்பி, பொட்டி ராப்பகலா ஓடுது. பாட்டிலைத் தொட்டா சில்லுனே இல்ல. கேஸ் போயிடுச்சு, அடைக்கணும்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போனாரு. கொஞ்சம் வந்து பாருப்பா."

பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்து, கம்பித் தடுப்பைக் கழற்றினேன். உள்ளே கன்டென்சரே தெரியவில்லை. சாம்பல் நிறக் கம்பளி போர்த்தியது போல அவ்வளவு தூசு. பிரஷ் வைத்து வழித்தபோது ஒரே பாளமாக உரிந்து கையோடு வந்தது. சுத்தம் செய்து ஓட விட்டோம். சாயங்காலம் பாட்டில் மேல் நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது. கேஸ் அப்படியே இருந்தது. ஒரு சொட்டும் குறையவில்லை.

கடை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. கொட்டுகிற இடம்தான் கன்டென்சர். அங்கே வழி அடைபட்டால் சூடு போக இடமில்லை. கம்ப்ரசர் மூச்சு முட்ட ஓடும், கரண்ட் பில் ஏறும், ஒருநாள் காயில் எரிந்து நின்றுவிடும். அதிலும் நம் திருத்தணி வட்டாரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது கோடையில் சாதாரணம். வெளிக்காற்றே அனலாக இருக்கும்போது அதற்குள் சூட்டைத் தள்ளுவது பெட்டிக்கு ஏற்கெனவே பெரிய பாடு. அதன் முதுகில் கம்பளியும் போர்த்தலாமா?

இடத்திலிருந்து தொடங்குங்கள். பின்புறமும் பக்கங்களிலும் அரை அடியாவது விடுங்கள். வெயில் நேராக விழக் கூடாது. டீக்கடையில் பாய்லருக்கும் வடைச் சட்டிக்கும் பக்கத்தில் பெட்டியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். சூடு ஒரு பக்கம் இருக்க, எண்ணெய்ப் புகை கன்டென்சரில் பிசுபிசுவென்று படிந்து, வருகிற தூசையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். பெட்டியின் தலையில் அட்டைப் பெட்டி அடுக்குவதும் வேண்டாம்.

அடுத்தது சுத்தம். மாதம் ஒருமுறை போதும் என்று புத்தகத்தில் இருக்கும். நம் ஊரில் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய லாரியும் டிராக்டரும் ஓடுகிற அரவைக் காலத்தில், ரோட்டோரக் கடைக்காரர்கள் 15 நாளுக்கு ஒருமுறை செய்யுங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தடுப்பைக் கழற்றி, மெல்லிய தகடுகள் எந்தப் பக்கமாக ஓடுகின்றனவோ அந்தப் பக்கமாகவே மென்மையான பிரஷை இழுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கி, காற்று போகும் வழி அடைந்துவிடும். தகடு விளிம்பு பிளேடு மாதிரி கிழிக்கும், விரலைக் கொடுக்காதீர்கள். மீதித் தூசை ஊதியோ உறிஞ்சியோ எடுக்கலாம். தண்ணீர் மட்டும் பீய்ச்சாதீர்கள், பக்கத்திலேயே ஒயரும் ரிலேயும் இருக்கின்றன. ஃபேன் இறக்கையைத் துடைத்துவிட்டு, கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றுகிறதா என்றும் பாருங்கள்.

கதவு ரப்பருக்கு ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும். நோட்டை இடையில் வைத்துக் கதவை மூடி, இழுத்துப் பாருங்கள். நோட்டு வராமல் இறுகப் பிடித்துக்கொண்டால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் சூடு உள்ளே போகிறது. சோப்புத் தண்ணீரில் துடைத்துப் பாருங்கள், பல நேரம் அழுக்குதான் காரணம். கிழிந்திருந்தால் மாற்றுங்கள். சூட்டை உள்ளே விடாமல் இருப்பதன் அருமை மெரினா ஐஸ் ஹவுஸைப் பார்த்தால் தெரியும். 1840-களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்கக் கட்டிய வீடு அது. இன்று விவேகானந்தர் இல்லம். எந்த மெஷினும் இல்லாமல், மரத்தூளுக்குள் பொதிந்தே அந்தப் பனிக்கட்டியைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தார்கள்.

சரக்கு வைப்பதில்தான் திருவிழா நாளில் எல்லோரும் தடுமாறுகிறார்கள். மார்கழித் திருவாதிரைக்கோ, திருத்தணி ஆடிக் கிருத்திகைக்கோ கூட்டம் வந்த பிறகு சூடான பாட்டில்களை வாரி அடைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 38 டிகிரியில் இருக்கும் 40 லிட்டர் தண்ணீரை 6 டிகிரிக்குக் கொண்டுவர, 1,000 வாட் ஹீட்டர் ஒன்றரை மணி நேரம் எரிந்தால் வரும் அவ்வளவு சூட்டை வெளியே எடுக்க வேண்டும். சின்னப் பெட்டிக்கு அது பல மணி நேர வேலை, அதுவும் கதவு திறந்து திறந்து மூடும்போது. ஆகையால் முந்தின ராத்திரியே அடுக்குங்கள். பழைய சரக்கை முன்னாலும் புதியதைப் பின்னாலும் வையுங்கள். உள்ளே காற்று வரும் துளைகளைப் பாட்டிலால் அடைக்காதீர்கள். குமிழை உச்சத்துக்குத் திருகினால் சீக்கிரம் குளிரும் என்று நினைக்கிறார்கள். அப்படி ஆகாது, எப்போது நிற்பது என்பதை மட்டும்தான் அந்தக் குமிழ் தீர்மானிக்கிறது.

பால், தயிர் வைப்பவர்கள் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, நடுத்தட்டில் தண்ணீர் டம்ளருக்குள் போட்டு வையுங்கள். காலையில் முதல் வேலையாகப் பாருங்கள். பாலுக்கு 4, 5 டிகிரி. ஐஸ்கிரீம் ஃப்ரீசருக்கு மைனஸ் 18. மின்சாரம் மிச்சம் என்று ராத்திரி பால் பெட்டியை அணைக்கிற பழக்கம் சில கடைகளில் உண்டு. அந்தப் பாலைக் குடிப்பது பச்சைக் குழந்தையாகவும் இருக்கலாம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஃப்ரீசர் சுவரில் பனி அரை சென்டிமீட்டர் ஏறினால் சரக்கை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு, அணைத்து, மூடியைத் திறந்து வையுங்கள். தானாகக் கரையட்டும். கத்தியோ ஸ்க்ரூ டிரைவரோ வேண்டாம். சுவர்த் தகட்டுக்குப் பின்னால்தான் கேஸ் குழாய் ஓடுகிறது. ஒரே குத்தில் 'உஸ்' என்று சத்தம் வந்தால், பெட்டி போனது போனதுதான்.

கரண்ட் போய் வந்தால் உடனே போடாதீர்கள். குழாய்க்குள் இரண்டு பக்க அழுத்தமும் சமமாக மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் போட்டால் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் உறுமி, 'டக்' என்று நின்றுவிடும். கோடைச் சாயங்காலத்தில் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் டைமர் உள்ள ஸ்டெபிலைசர் கட்டாயம் வேண்டும். எர்த் இல்லாத பிளக்கில் இரும்புப் பெட்டியை மாட்டுவது உயிரோடு விளையாடுவது.

அடியில் நீர் சேரும் தட்டை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு முட்டையிட அந்தத் தெளிந்த நீர் போதும்.

இவ்வளவும் செய்து கூலிங் வரவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். "கேஸ் தீர்ந்துடுச்சு" என்று அவர் சொன்னால், "எங்கே லீக்?" என்று கேளுங்கள். வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி இது ஓட ஓடத் தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து அடைத்து, குழாயை வேக்குவம் செய்து, ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் கிராம் கணக்கில் எடை போட்டு நிரப்ப வேண்டும். அதே ஸ்டிக்கரில் ஆர் 290 என்றோ ஆர் 600ஏ என்றோ இருந்தால் உள்ளே இருப்பது தீப்பற்றும் கேஸ். அதில் பழகிய ஆளை மட்டுமே கை வைக்க விடுங்கள். அவர் வேலை முடிக்கும் வரை டீ அடுப்பு அணைந்தே இருக்கட்டும்.