அடி மேல் அடி

தாராவியில் எங்கள் வகுப்புக்கு ஓர் அக்கா வருவார். அவருக்குத் தையல் வேலை. நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பார். அவருக்குச் சர்க்கரை நோய் வந்தது.

"மாத்திரை மட்டும் போதாது. தினமும் நடக்க வேண்டும்" என்றார் மருத்துவர்.

மறுநாளே அக்கா கிளம்பினார். 90 அடி சாலையிலிருந்து மாட்டுங்கா ஃபைவ் கார்டன் வரை நடந்தார். நடந்தே திரும்பினார். இரவில் முழங்கால் வீங்கியது. மூன்று நாள் மிஷின் மிதிக்க முடியவில்லை. கூலி போயிற்று.

"இனி நடையே வேண்டாம், தம்பி" என்றார்.

"அக்கா, வகுப்புக்கு வந்த முதல் நாளே புத்தகம் படித்தீர்களா?" என்று கேட்டேன்.

"இல்லையே! நாலு எழுத்துதானே எழுதினேன்."

"நடையும் அப்படித்தான் அக்கா."

பழக்கமில்லாத காலுக்கு ஒரே நாளில் அதிக வேலை கொடுத்தால் வலிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் தசை பலம் பெறும். நடக்கும்போது தசைகள் இரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் செலவிடும். அதனால்தான் மருத்துவர் நடக்கச் சொன்னார்.

வலி தீர்ந்ததும் அக்கா ஒரு கணக்கு எழுதினார். வாரம் 5 நாள் நடை.

முதல் வாரம்: தினம் 10 நிமிடம்
இரண்டாம் வாரம்: 15 நிமிடம்
மூன்றாம் வாரம்: 20 நிமிடம்
நான்காம் வாரம்: 25 நிமிடம்
ஐந்தாம் வாரம்: 30 நிமிடம்

30 நிமிடம், 5 நாள். மொத்தம் 150 நிமிடம். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது இவ்வளவு நேரமாவது வேகமாக நடப்பது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் இப்படிச் சொன்னது. எவ்வளவு வேகம்? நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது.

நடந்த நிமிடத்தை அக்கா தினமும் காலண்டரில் எழுதினார். ஜூனில் மழை பிடித்தது. சந்தில் தண்ணீர் நின்றது. வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே கால் மாற்றி நடந்தார். நடுவில் ஒரு வாரம் காய்ச்சல். குணமானதும் மீண்டும் 10 நிமிடத்தில் தொடங்கினார். மாத்திரையையும் விடவில்லை.

மழை முடிந்தது. ஒரு ஞாயிறு அன்று அக்கா மீண்டும் ஃபைவ் கார்டன் போய் வந்தார். திங்கட்கிழமை வழக்கம்போல மிஷினில் உட்கார்ந்தார்.

கவனியுங்கள்:
நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் உடனே நில்லுங்கள். மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

பதில் எழுதுங்கள்:
1. முதல் நாள் அக்காவுக்கு ஏன் கால் வலித்தது?
2. காய்ச்சலுக்குப் பிறகு அவர் என்ன செய்தார்?
3. இன்று நீங்கள் எத்தனை நிமிடம் நடந்தீர்கள்? காலண்டரில் எழுதுங்கள்.