ஆறாவது எண்

கணிதத்தில் காலெடுத்து வைத்திருக்கும் மாணவிக்கு,

உன் வாய்பாடு முதல் ஐந்து தடவையும் பகா எண்ணையே தந்தது என்று பூரிப்போடு எழுதியிருந்தாய், அம்மா. அந்தப் பூரிப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது. ஆனாலும் ஒரு தாளில் 4294967297 என்று எழுதி வைத்துக்கொண்டு மேலே படி.

பியேர் தெ பெர்மா 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று வைத்து, ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினார். 3, 5, 17, 257, 65537 கிடைத்தன. ஐந்தும் பகா எண்கள். வரிசை முழுவதும் அப்படித்தான் இருக்கும் என்று 1640-இல் கடிதம் எழுதினார். நிரூபணம் கையில் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆறாவதாக வருவது 2³² + 1. நீ எழுதி வைத்திருக்கும் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297 அதுதான். அது 641 × 6700417 என்று 1732-இல் ஆய்லர் காட்டினார்.

2, 3, 5 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போனால், 641 வருவது 116-ஆவது பகா எண்ணாக. வகுக்கும் முன் ஆய்லர் கேட்ட கேள்வி வேறு: இந்த எண்ணை வகுக்கக்கூடிய பகா எண் எந்த வடிவில் இருக்க முடியும்? 64-இன் மடங்கோடு ஒன்று சேர்ந்த வடிவில் மட்டுமே என்று பின்னாளில் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலில் விடை!

வகுபட்டதோடு நிறுத்திவிடாதே. ஏன் வகுபட்டது என்று கேள். 641 என்பது 5 × 2⁷ + 1. அதுவே 5⁴ + 2⁴. முதல் வடிவத்தின்படி, 5 × 2⁷ என்பது 641-க்கு ஒன்று குறைவு. எனவே அதன் நான்காம் அடுக்கான 5⁴ × 2²⁸, 641-ஆல் வகுத்தால் மீதி 1 தரும். இரண்டாம் வடிவத்தின்படி, 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ வைக்கலாம், மீதி மாறாது. கிடைப்பது −2³². அதற்கும் மீதி 1 என்றால், 2³² + 1 மீதியே இல்லாமல் வகுபட்டாக வேண்டும். பத்து இலக்க எண் இரண்டு சிறு கூட்டல்களில் அவிழ்ந்துவிட்டது. இதை உன் கையால் ஒருமுறை எழுதிப் பார். கணினித் திரையில் விடை தெரிவதற்கும் இதற்கும் உள்ள தூரம் புரியும்.

பெர்மாவின் ஊகம் உடைந்தது, வீணாகவில்லை. 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டே வரையலாம் என்று 1796-இல் காஸ் கண்டபோது, இதே வரிசையின் பகா எண்கள்தான் வழிகாட்டின. அந்த முதல் ஐந்துக்குப் பின் இந்த வரிசையில் இன்னொரு பகா எண் இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை.

ஆகவே தயங்காமல் ஊகி, அம்மா. ஊகித்ததை ஊகம் என்றே சொல். பிறகு பென்சிலைச் சீவிக்கொண்டு உன் ஆறாவது எண்ணின் முன் உட்கார். அது பகா எண்ணா என்று பார்க்குமுன், எந்த வடிவ எண்கள் அதை வகுக்க முடியும் என்று கண்டு எனக்கு எழுது. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் கணக்கு ஆசிரியர்