குடலில் காவற்காரனும் கள்ளனும்

நள்ளிரவில் ஒரு வீட்டில் கூச்சல் கேட்கிறது. கள்ளன் புகுந்துவிட்டானா? அல்லது காவற்காரன் வீட்டாரையே கள்ளர் என்று எண்ணி அடிக்கிறானா? கூச்சலை மட்டும் கேட்டுக் காரணத்தைச் சொல்ல முடியாது. உள்ளே சென்று பார்க்க வேண்டும். நம் குடலிலும் இத்தகைய குழப்பம் ஏற்படுவதுண்டு.

நம் பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பெரும்பாலானவை தீங்கற்றவை. உடலின் நோய்த் தடுப்பு அமைப்பு அவற்றைப் பொறுத்துக்கொள்கிறது. சிலருக்கு இந்தப் பொறுமை குலைந்து, குடற்சுவரே தாக்குதலுக்கு உள்ளாகிப் புண்ணாகிறது. இதுவே குடல் அழற்சி நோய். பெருங்குடலைப் பற்றும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், உணவுப் பாதையின் எப்பகுதியையும் பற்றக்கூடிய க்ரோன் நோய் ஆகியவை இதன் முக்கிய வகைகள். இது தொற்றுநோய் அன்று.

இந்நோய் சில காலம் அடங்கியிருக்கும், பிறகு சீறும். அப்போது வயிற்றுவலியும் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் தோன்றும். சீற்றத்தைத் தணிக்க மருத்துவர் ஸ்டீராய்டு மருந்து தருவதுண்டு. அது காவற்காரனின் கைகளைக் கட்டிவிடுகிறது. ஆனால் உள்ளே உண்மையிலேயே கள்ளன் இருந்தால்?

கிருமி தொற்றினாலும் இதே அறிகுறிகள்தாம் தோன்றும். வெப்ப நாடுகளில் அசுத்த நீர் வழியே பரவும் எண்டமீபா ஹிஸ்டாலிட்டிகா என்னும் அமீபா ஒரு கள்ளன். அதை அறியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால், குடலில் துளை விழும் அளவுக்கு நோய் முற்றக்கூடும்.

இன்னொரு கள்ளன், க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்னும் பாக்டீரியா. 1935-ல் அமெரிக்க ஆய்வாளர்களான ஹால், ஓ'டூல் இருவரும் பச்சிளங் குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டனர். ஆய்வகத்தில் வளர்ப்பது கடினமாக இருந்ததால், லத்தீனில் 'கடினமானது' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். ஆன்டிபயாட்டிக் மருந்து நல்ல பாக்டீரியாக்களையும் அழிக்கும்போது, காலியான இடத்தில் இது பெருகி நஞ்சுகளைச் சுரக்கிறது. இவ்வுண்மை 1978-ல் தெளிவாயிற்று. குடல் அழற்சி நோயாளிகளுக்கோ, ஆன்டிபயாட்டிக் உண்ணாமலேயே இது தொற்றுவதுண்டு.

ஆகவே நோய் சீறும்போது முதலில் மலப் பரிசோதனை வேண்டும். அமீபா இருந்தால் மெட்ரோனிடசோல் போன்ற மருந்து. டிஃபிசில் இருந்தால் வாங்கோமைசின் போன்ற மருந்து. வாங்கோமைசினை வாய்வழியாகவே கொடுப்பர். ஊசி மூலம் இரத்தத்தில் ஏற்றினால், அது பெருங்குடலின் உட்புறத்தைப் போதிய அளவு அடையாது. முன்பே உண்டுவரும் ஸ்டீராய்டைத் தொடர்வதா, குறைப்பதா என்பதை மருத்துவரே முடிவு செய்வார். தாமாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே.

டிஃபிசில் பாக்டீரியா ஸ்போர் என்னும் உறங்கும் வித்தாக மாறி, உடலுக்கு வெளியே பல மாதங்கள் பிழைத்திருக்கும். கையில் தடவும் ஆல்கஹாலுக்கு அது சாவதில்லை. சோப்பும் நீரும் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினால்தான் கையைவிட்டு நீங்கும்.

உங்கள் நண்பர் எவருக்கேனும் இந்நோய் இருந்து, மீண்டும் வயிற்றுப்போக்கு கண்டால், "பழைய நோய்தானே!" என்று பழைய மருந்துச் சீட்டைத் தேட விடாதீர்கள். அடக்க வேண்டியது காவற்காரனையா, பிடிக்க வேண்டியது கள்ளனையா? அதைப் பரிசோதனைதான் சொல்லும்.

சிந்திக்க:
1. வாய்வழி உட்கொண்ட வாங்கோமைசின் இரத்தத்தில் எளிதில் கலந்துவிடுவதாயிருந்தால், பெருங்குடல் நோய்க்கு அது பயன்படுமா?
2. காவற்காரனும் கள்ளனும் ஒரே நேரத்தில் தொல்லை தரக்கூடுமா?