பழைய மோட்டார், வீட்டுக் கரண்ட்

சூளூர்பேட்டையில் ஒரு தச்சர். வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டு வேலை செய்கிறார். கதவு, ஜன்னல், கட்டில் எல்லாம் செய்வார். கையால் ரம்பம் இழுத்து இழுத்துத் தோள் வலி வந்துவிட்டது. அதனால் ஒரு வட்ட ரம்பம் வைக்க நினைத்தார்.

பழைய இரும்புக் கடையில் ஒரு மோட்டார் கிடைத்தது. மூடிப்போன அரிசி மில்லில் இருந்து வந்தது. நல்ல கனம். விலையும் குறைவு. வீட்டுக்குத் தூக்கி வந்தார். இரண்டு வயரை மாட்டி சுவிட்சைப் போடப் போனார்.

"மாமா, கையை எடுங்க!"

அக்காள் மகன் ஓடி வந்தான். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்தவன்.

"ஏன் மாப்பிள்ளை? கையால சுத்திப் பார்த்துத்தானே வாங்கினேன். நல்லா சுத்துதே."

"கையால சுத்தும் மாமா. இது த்ரீ பேஸ் மோட்டார். நம்ம வீட்டுல இருக்கிறது சிங்கிள் பேஸ். இப்படிக் கொடுத்தா உறுமும். சுத்தாது. கொஞ்ச நேரத்துல காயில் கருகிடும்."

ஏன் சுற்றாது? செக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் வட்டமாக நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் தள்ளினால் செக்கு ஒரே பக்கமாகச் சுற்றும். த்ரீ பேஸ் மோட்டாரில் மூன்று காயில் கட்டு இருக்கும். மூன்று பேஸும் இப்படித்தான் முறை வைத்துத் தள்ளுகின்றன. வீட்டுக் கரண்டில் ஒரே ஆள்தான். அவரும் நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் தள்ளுகிறார். செக்கு எந்தப் பக்கம் போகும்? நின்ற இடத்தில் அதிரும். அந்த அதிர்ச்சிதான் உறுமல்.

"அப்போ பழைய இரும்புக்கே போட்டுடலாமா?" தச்சருக்கு முகம் வாடிவிட்டது. த்ரீ பேஸ் இணைப்பு வாங்கினால் டெபாசிட் கட்ட வேண்டும். மாதக் கட்டணமும் கூடும்.

"அவசரப்படாதீங்க மாமா. தகட்டுல என்ன எழுதியிருக்கு, படிங்க."

மோட்டாரின் மேல் ஒரு சின்னத் தகடு இருந்தது. துணியால் துடைத்தார். எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். 415 வோல்ட். 1 ஹெச்.பி. 1420 சுற்று. பக்கத்தில் ஒரு குறி. உண்டிவில் கவட்டை போல் இருந்தது.

"இதுதான் ஸ்டார் குறி. நல்ல காலம் மாமா!"

ஸ்டார் என்றால் மூன்று காயிலின் ஒரு முனைகளும் ஒரே முடிச்சில் சேர்ந்திருக்கும். அப்படிச் சேர்த்தால் 415 வோல்ட் கொடுத்தாலும் ஒவ்வொரு காயிலுக்கும் 240 வோல்ட்தான் போகும். வீட்டில் வருவது 230 வோல்ட். ஆகவே அந்த முடிச்சைப் பிரித்து, மூன்று காயிலையும் முக்கோணமாகச் சேர்த்தால் வீட்டுக் கரண்டே காயிலுக்குப் போதும். முக்கோணத்துக்கு டெல்டா என்று பெயர்.

தகட்டில் முக்கோணக் குறியும் 415 வோல்ட்டும் மட்டும் இருந்தால் இந்த வழி சரிப்படாது. பெரிய மோட்டார்கள் பல அப்படித்தான் இருக்கும். அதன் ஒவ்வொரு காயிலும் 415 வோல்ட் கேட்கும். வீட்டுக் கரண்டில் அதற்குப் பலமே வராது. வைண்டிங் கடையில் பழைய கம்பியை எடுத்துவிட்டு, தடித்த கம்பியில் குறைந்த சுற்றாக மாற்றிக் கட்ட வேண்டும். கட்டுக்கூலி, கம்பி விலை இரண்டையும் கேட்டுவிட்டு முடிவு செய்வது நல்லது. சில சமயம் சிங்கிள் பேஸ் மோட்டாரே மலிவாக முடியும்.

டெர்மினல் பெட்டியைத் திறந்தார்கள். ஆறு முனை இருந்தால் வேலை சுலபம். மூன்று பித்தளைத் தகட்டை மாற்றிப் போட்டாலே டெல்டா ஆகிவிடும். இதில் மூன்று வயர்தான் வெளியே வந்தது. முடிச்சு உள்ளே இருக்கிறது.

இருவரும் மோட்டாரை வைண்டிங் கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் மூடியைக் கழற்றினார். நூல் கட்டை மெதுவாக அறுத்தார். மூன்று கம்பி சேரும் முடிச்சைத் தேடிப் பிடித்தார். அதைப் பிரித்து மூன்று புது வயர் பற்றவைத்து வெளியே எடுத்தார். மறுபடி நூல் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்தார். பிறகு மெகர் வைத்துச் சோதித்தார். கரண்ட் மோட்டார் உடம்பில் கசிகிறதா என்று காட்டும் கருவி அது. பழைய மோட்டாருக்கு இந்தச் சோதனை கட்டாயம். பல வருடம் ஈரத்தில் கிடந்திருக்கும்.

இந்த வேலைக்கு நம் பக்கத்தில் நீண்ட பழக்கம் உண்டு. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோயம்புத்தூரில் மின்மோட்டார் செய்தார்கள். இந்தியாவில் செய்த முதல் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். காயில் கட்டும் தொழில் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறது.

இனி அந்த ஒரே ஆளுக்குத் துணை வேண்டும். அந்தத் துணைதான் கண்டன்சர். வீட்டு வயர் இரண்டும் முக்கோணத்தின் இரண்டு மூலைக்குப் போகும். மூன்றாவது மூலைக்கும் இந்த இரண்டில் ஒன்றுக்கும் நடுவே கண்டன்சர். அது கரண்டை நேரம் மாற்றி அனுப்பும். மோட்டாருக்கு இன்னொரு ஆள் தள்ளுவது போல் ஆகும். சுற்றும் பக்கம் மாற வேண்டுமா? கண்டன்சரை அடுத்த வயருக்கு மாற்றினால் போதும். மோட்டார் நின்ற பிறகு, மெயினை அணைத்துவிட்டு மாற்ற வேண்டும்.

1000 வாட்டுக்குச் சுமார் 70 மைக்ரோ ஃபேரட் என்பது கணக்கு. 1 ஹெச்.பி. என்றால் ஏறக்குறைய 750 வாட். 50 மைக்ரோ ஃபேரட் போதும். 440 வோல்ட் ஏ.சி. என்று எழுதிய, மோட்டார் ஓடுவதற்கான கண்டன்சராக இருக்க வேண்டும். விசிறிக் கண்டன்சர் இதற்கு மிகச் சிறியது.

"முழுப் பலம் வருமா மாப்பிள்ளை?"

"வராது மாமா. மூணுல ரெண்டு பங்குன்னு வச்சுக்கோங்க. கிளம்பும்போது இன்னும் குறைவு. ரம்பம், சாணைக்கல், துளை போடுற மிஷின் ஓடும். அதெல்லாம் சும்மா சுத்திக் கிளம்பும். காற்றுக் கம்ப்ரசர் மாதிரி பாரத்தோட கிளம்புறதுக்கு ஆகாது."

கிளம்பத் திணறினால் இன்னொரு கண்டன்சரை ஒரு நொடி மட்டும் சேர்த்துவிட்டு விலக்குவார்கள். விலக்கிய பிறகும் அதில் கரண்ட் தேங்கி நிற்கும். தொட்டால் அடிக்கும். அதை வடித்துவிட அதன் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும். முழுப் பலம் தேவைப்படுகிறவர்கள் 'டிரைவ்' என்னும் பெட்டி வாங்குகிறார்கள். ஒரு பேஸ் உள்ளே போனால் மூன்று பேஸாக வெளியே வரும். அதற்குக் கண்டன்சர் தேவையில்லை. விலைதான் கூடுதல்.

தச்சருக்கு ஒரு சந்தேகம். "வயல்ல பம்புக்கும் கண்டன்சர் போட்டுத்தானே ஓட்டுறாங்க?"

ஓட்டுகிறார்கள். த்ரீ பேஸ் இல்லாத நேரத்தில் தண்ணீர் இறைக்க அப்படிச் செய்கிறார்கள். பயிர் வாடும்போது வேறு என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். ஆனால் பல பம்புகள் ஒரே பேஸில் பாரம் ஏற்றினால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். பிறகு ஊருக்கே தண்ணீர் இல்லை. அதனால்தான் மின்வாரியம் அதைத் தடுக்கிறது. கொட்டகையில் 1 ஹெச்.பி. ஓட்டுவது அவ்வளவு பெரிய பாரம் இல்லை. இருந்தாலும் தொழிலுக்குக் கரண்ட் எடுக்கிறோம் என்று அலுவலகத்தில் சொல்லி, உரிய இணைப்பு வாங்க வேண்டும்.

ரம்பத்துக்கு வெறும் சுவிட்ச் போடாமல் ஸ்டார்ட்டர் போட்டார்கள். இதில் பிடிவாதமாக இருந்தவன் மருமகன்தான். கரண்ட் போய்விடும். மரத்தைச் சரிசெய்யக் கையை உள்ளே வைப்போம். திடீரென்று கரண்ட் வரும். வெறும் சுவிட்சாக இருந்தால் ரம்பம் தானே சுற்றத் தொடங்கும். ஸ்டார்ட்டர் இருந்தால் பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தும்வரை சுற்றாது. மோட்டார் உடம்புக்கு எர்த் வயர் கொடுத்தார்கள். பெல்ட்டின் மேல் தகரக் கூடு மாட்டினார்கள்.

மாலையில் தச்சர் பொத்தானை அழுத்தினார். மோட்டார் ஒரு நொடி தயங்கியது. பிறகு சீராகச் சுற்றியது. முதல் பலகையை மெதுவாகத் தள்ளினார்.

படித்துச் சொல்லுங்கள்:

உங்கள் ஊரில் உள்ள ஒரு மோட்டாரின் தகட்டைப் பாருங்கள். மோட்டார் நின்றிருக்கும்போது பாருங்கள். வோல்ட் எவ்வளவு? கவட்டைக் குறியா, முக்கோணக் குறியா?

கணக்குப் போடுங்கள்:

அரை ஹெச்.பி. மோட்டாருக்கு எத்தனை மைக்ரோ ஃபேரட் கண்டன்சர் வேண்டும்?