இருகடல் நடுவே இராமேசுவரம்

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என நம் இலக்கணம் வகுத்தது. வழிபாட்டால் புகழ்பெற்ற நெய்தல் நிலம் இராமேசுவரம். நிலமும் காற்றும் நீரும் அத்தீவின் வாழ்வை எவ்வாறு அமைக்கின்றன என்பதை ஈண்டுக் காண்போம்.

நிலம்

பாம்பன் தீவு என்றும் வழங்கும் இதன் வடபால் பாக் விரிகுடாவும் தென்பால் மன்னார் வளைகுடாவும் உள்ளன. மேற்கே பாம்பன் கால்வாய் இதனைப் பெருநிலத்தினின்று பிரிக்கிறது. 1914இல் இரயில் பாலமும், 1988இல் சாலைப் பாலமும், 2025இல் புதிய இரயில் பாலமும் அப்பிரிவை இணைத்தன. தென்கிழக்கே மெலிந்து நீளும் நிலம் தனுஷ்கோடிக்கப்பால் மணல் திட்டுகளாய் இலங்கையை நோக்கிச் செல்கிறது. இங்கு மலையில்லை, ஆறில்லை. பழம் பவளப்பாறையும் அதன்மேல் படிந்த மணலுமே நிலமாகும். கந்தமாதன பர்வதம் எனப் பெயர் பெற்றதும் மணல்மேடே.

காற்று

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் அமைந்தமையால் கடுங்குளிர் இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை இழந்து வறண்டே வருகிறது. அப்போது தென்கடல் கொந்தளிக்க, வடகடல் அடங்கியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்று ஆண்டின் பெருமழையைத் தருகிறது, வடகடல் சீறுகிறது. மழை தரும் அப்பருவமே புயலையும் தரும். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளுடன் வந்த இரயிலும் கடலுக்கு இரையாயிற்று. அவ்வூர் பழைய நிலைக்கு மீளவேயில்லை.

நீர்

அடியவர் முதலில் அக்கினி தீர்த்தமாகிய கடலில் நீராடி, பின்னர்க் கோயிலுள் உள்ள 22 தீர்த்தங்களில் நீராடுவர். உவர்க்கடலுக்கு மிக அருகே நன்னீர்க் கிணறுகள் இருப்பது எங்ஙனம்? மூன்று திங்கள் பெய்யும் மழை மணலுள் இறங்குகிறது. உவர்நீரினும் எடை குறைந்ததாதலின், நன்னீர் அதன்மேல் மெல்லிய படலமாய்த் தங்குகிறது. அளவோடு இறைத்தால் அது நிலைக்கும். அளவின்றி உறிஞ்சினால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழும். மணலை அள்ளினாலோ மழையைத் தேக்கும் நிலமே குறையும்.

புயலைத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால், கிணற்று நீர் உவராவதைத் தடுக்க இயலும். தீர்த்தத்தைப் புனிதமெனப் போற்றும் நாம், அதனைத் தாங்கி நிற்கும் மணலையும் அவ்வாறே போற்றுதல் வேண்டும். தீவின் எதிர்காலம் அதனைச் சார்ந்தே உள்ளது.