எழுத்துக்கூட்டிப் படியுங்கள்

கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில், புல்லம்பாறை என்று ஒரு ஊராட்சி இருக்கிறது. அங்கே பலர் நூறு நாள் வேலைக்குப் போனார்கள். கூலி வங்கிக் கணக்கில் வந்தது. பணம் வந்ததா என்று பார்க்க வங்கிக்குப் போக வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். அன்றைய வேலை கெடும். சில நாள் பணமும் வந்திருக்காது. கையில் போன் இருந்தது. அந்தப் போனிலேயே கணக்கைப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

2021-ஆம் ஆண்டு ஊராட்சி ஒரு வேலையைத் தொடங்கியது. போனைப் பயன்படுத்தத் தெரியாதவர்கள் யார் யார் என்று கணக்கெடுத்தார்கள். அவர்களுக்கு வகுப்பு நடத்தினார்கள். ஆட்கள் வகுப்பைத் தேடி வரட்டும் என்று இருக்கவில்லை. வேலை நடக்கும் இடத்துக்கு வகுப்பு போனது. குடும்பஸ்ரீ பெண்கள் கூடும் இடத்துக்குப் போனது. வீடுகளுக்கும் போனது. இளைஞர்களும் மாணவர்களும் சொல்லிக் கொடுத்தார்கள். போனில் பேசுவது, படம் அனுப்புவது, மின் கட்டணம் கட்டுவது, வங்கிக் கணக்கைப் பார்ப்பது எல்லாம் கற்றார்கள். 2022 செப்டம்பரில் அது முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சி என்று அறிவிக்கப்பட்டது.

பிறகு மாநிலம் முழுவதும் இந்த வேலை நடந்தது. 21 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கற்றார்கள். தொண்ணூறு வயதைத் தாண்டியவர்களும் அதில் உண்டு. 2025 ஆகஸ்ட் 21 அன்று கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. 1991-இல் முழு எழுத்தறிவு மாநிலம் என்று அறிவிக்கப்பட்டதும் இதே கேரளம்தான்.

நாடு முழுவதும் 2022 முதல் நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்திலும் எழுத்து, எண்ணோடு போன் பயன்பாடும் பணக் கணக்கும் பாடமாக இருக்கின்றன.

எங்கே தொட வேண்டும், எப்படித் தள்ள வேண்டும் என்பதை விரல் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். நான்கு நாள் போதும். எப்போது தொடக்கூடாது என்பதைக் கற்க அதிக நாள் ஆகும். அதற்குத்தான் வகுப்பு வேண்டும். பலர் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும்.

இனி நம் வகுப்புக்கு வருவோம். மாலை ஏழு மணி. பள்ளிக்கூடத் தாழ்வாரம். பாயில் பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு அக்கா மெதுவாகப் பேச்சைத் தொடங்கினார். அவர் பழைய தையல் மெஷினை விற்க நினைத்தார். பக்கத்து வீட்டுப் பையன் அதைப் படம் பிடித்துப் போனில் விளம்பரம் போட்டான். மறுநாளே ஒருவன் கூப்பிட்டான்.

"நல்லாத்தான் பேசினான் டீச்சர். நாலாயிரம்னு சொன்னேன். பேரமே பேசல. சரின்னுட்டான்."

"பேரம் பேசலயா?" என்றார் ஒரு பெரியவர். "மெஷினை வந்து பாத்தானா?"

"இல்ல தாத்தா. பணத்த முதல்ல போட்டுடறேன், ஆள் வந்து எடுத்துக்கும்னான். ஒரு கட்டம் போட்ட படம் அனுப்பினான். கடையில ஒட்டியிருப்பாங்களே, அதே மாதிரி. அத ஸ்கேன் பண்ணி ரகசிய எண்ணப் போட்டா பணம் வரும்னான். போட்டேன். வரல. என் கணக்குல இருந்த நாலாயிரம் போயிடுச்சு."

யாரோ சிரித்தார்கள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சர் சிரிக்கவில்லை. "எப்பக்கா நடந்துச்சு?" என்று கேட்டார்.

"பன்னெண்டு நாள் ஆச்சு. வீட்டுல சொல்லல. சொன்னா இப்படித்தான் சிரிப்பாங்க, இல்ல திட்டுவாங்க."

தாழ்வாரம் அமைதியாகிவிட்டது.

பன்னிரண்டு நாள் என்பது இங்கே பெரிய விஷயம். திருடிய பணம் ஒரே கணக்கில் தங்குவதில்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து மற்றொன்றுக்கு என்று ஓடும். கடைசியில் யாரோ அதை எடுத்துவிடுவார்கள். எடுப்பதற்கு முன் தகவல் கிடைத்தால் வங்கியால் அதை நிறுத்திவைக்க முடியும். அதற்காகத்தான் நாடு முழுவதற்கும் 1930 என்ற எண் இருக்கிறது. பணம் போனது தெரிந்த உடனே, அந்த நிமிடமே, 1930-க்குப் போன் செய்ய வேண்டும். வங்கிக்கும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு நாள் கழித்தும் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் பணம் திரும்பும் வாய்ப்பு குறைந்துபோயிருக்கும். அக்கா ஏமாந்தது ஒரு நிமிடத்தில். வெட்கம் அவரைப் பன்னிரண்டு நாள் வாயைத் திறக்க விடவில்லை. வகுப்பில் சிரிக்கக்கூடாது என்பது மரியாதைக்காக மட்டும் அல்ல. சிரிப்புக்குப் பயந்துதான் மனிதர்கள் 1930-க்குப் போன் செய்யாமல் இருக்கிறார்கள்.

டீச்சர் கரும்பலகையில் ஒரு பெரிய கட்டம் வரைந்தார். "அக்கா, படத்த ஸ்கேன் பண்ணின உடனே போன்ல என்ன வந்துச்சு? ஞாபகம் இருக்கிறத சொல்லுங்க."

"ஒரு பேரு வந்துச்சு. நாலாயிரம்னு வந்துச்சு. கீழ ஒரு வார்த்தை."

டீச்சர் அந்த வார்த்தையை எழுதினார். "படிங்க."

"செ... லு... த்... து. செலுத்து."

"செலுத்துன்னா என்ன?"

"கட்டுறது. கொடுக்கிறது." அக்கா நிமிர்ந்தார். "அப்ப எனக்கு வர வேண்டிய பணத்துக்கு நான் எதுக்குச் செலுத்தணும்?"

அன்றைய பாடம் இந்தக் கேள்விதான். அதைக் கேட்டவர் டீச்சர் அல்ல என்பதைப் பாருங்கள். போனில் வந்த வார்த்தையை அவரால் அன்றைக்கே படித்திருக்க முடியும். போனில் பேசியவன் படிக்க விடவில்லை. "சீக்கிரம் போடுங்க, சீக்கிரம் போடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

போனில் பணம் அனுப்பும் யு.பி.ஐ. முறை 2016-இல் வந்தது. அதில் ஒன்றை மறக்காமல் இருந்தால் பாதி ஆபத்து போய்விடும். ரகசிய எண் பணம் கொடுப்பதற்கு மட்டும். நம் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும் அதைக் கேட்கும். பணம் வாங்க அது தேவையே இல்லை. கட்டம் போட்ட படத்தை ஸ்கேன் செய்வதும் கொடுப்பதற்குத்தான். யாராவது நமக்குப் பணம் அனுப்பினால் நாம் ஒன்றுமே செய்ய வேண்டாம். பணம் தானாக வரும். முன்பு யார் வேண்டுமானாலும் "எனக்கு இவ்வளவு கொடு" என்று நம் போனுக்குக் கோரிக்கை அனுப்பலாம் என்று இருந்தது. அதை வைத்துப் பலர் ஏமாற்றினார்கள். தனி ஆட்கள் அப்படிக் கேட்கும் வசதி 2025 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஒரு வழியை அடைத்தால் ஏமாற்றுக்காரன் வேறு வழியைத் தேடுவான்.

போனைச் செய்தவர்கள் எல்லாம் சீக்கிரம் நடக்க வேண்டும் என்றே செய்திருக்கிறார்கள். ஒரு தட்டு, இரண்டு தட்டு, வேலை முடிந்தது. நன்றாகப் படித்தவர்கள் வார்த்தையைப் பார்க்காமலேயே தட்டுகிறார்கள். பெரிய படிப்பு படித்தவர்களும், ஓய்வு பெற்ற அதிகாரிகளும் ஏமாந்திருக்கிறார்கள். நீங்களும் நானும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மெதுவாகப் படிக்கிறோமே என்று கூச்சப்படுகிறோம். போன் விஷயத்தில் இந்த மெதுவான படிப்பு நல்லது. பேரைப் படியுங்கள். தொகையைப் படியுங்கள். சைபர்களை எண்ணுங்கள். கடைசி வார்த்தையைப் படியுங்கள். பிறகு தொடுங்கள். போனில் தமிழ் வேண்டும் என்றால் மாற்றிக்கொள்ளலாம். வங்கியிலிருந்து வரும் செய்தி ஆங்கிலத்தில் இருந்தால் இரண்டு வார்த்தைகளின் உருவத்தை மட்டும் வகுப்பில் கற்றுக்கொள்ளுங்கள். கிரெடிட் என்றால் வரவு. டெபிட் என்றால் செலவு.

இன்னொரு பழக்கத்தையும் பேச வேண்டும். போனைக் கடைக்காரரிடம் நீட்டுகிறோம். "நீயே போட்டுக்கோப்பா" என்று ரகசிய எண்ணைச் சத்தமாகச் சொல்கிறோம். பின்னால் நிற்பவர்களும் கேட்கிறார்கள். பேரனிடம் கொடுக்கிறோம். பேரன் நல்ல பிள்ளைதான். ஆனால் கைநாட்டு வைத்த காலத்தில், யாரோ எழுதிய காகிதத்தில் நம் விரலை வைத்தோமே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வகுப்பில் டீச்சரும் உங்கள் ரகசிய எண்ணைக் கேட்கக் கூடாது. நீங்கள் அழுத்தும்போது டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பாடம் அங்கே தொடங்குகிறது.

இதுவரை பணத்தைப் பற்றிப் பேசினோம். பணத்தைவிடப் பெரியதும் உண்டு.

2018-ஆம் ஆண்டு "பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்" என்ற செய்தி நாட்டின் பல பகுதிகளில் வாட்ஸ்அப்பில் பரவியது. ஒரு வீடியோவும் பரவியது. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருகிறார்கள். தெருவில் விளையாடும் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பார்த்தவர்கள் பதறினார்கள். பெற்றவர்கள் பதறாமல் இருப்பார்களா? பதறி, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள்.

அந்த வீடியோ இந்தியாவில் எடுத்ததே இல்லை. பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக எடுத்த படம் அது. அதன் முடிவில் அதே ஆட்கள் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவார்கள். அந்த முடிவை யாரோ வெட்டிவிட்டார்கள்.

அந்த ஆண்டு ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில், ரெயின்பாடா என்ற கிராமத்துக்கு ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் நாடோடி மக்கள் சிலர் வந்தார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தி அதற்குள் அங்கே பரவியிருந்தது. கூட்டம் அவர்களைப் பிடித்து அடித்தது. ஐந்து பேர் இறந்துபோனார்கள். அவர்கள் யாருடைய பிள்ளையையும் பிடிக்கவில்லை.

செய்தியை அனுப்பியவர்கள் எல்லாம் கெட்டவர்களா? பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை. "நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று நினைத்தவர்கள். இதை வகுப்பில் பேசும்போது யாரையும் குற்றம் சொல்லாமல் பேசுவது கடினம். இருந்தாலும் பேச வேண்டும். நாமும் ஏதாவது ஒரு நாள் அப்படி அனுப்பியிருப்போம்.

அந்த மாதமே வாட்ஸ்அப் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாது. 2020-இல் இன்னொன்று வந்தது. பல கை மாறி வந்த செய்திக்கு மேலே இரண்டு அம்புக்குறி தெரியும். அதை ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம். இரண்டு அம்பு இருந்தால் அனுப்பியவர் அதை எழுதவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தம்பியே அனுப்பியிருக்கலாம். ஆனால் அது தம்பி பார்த்தது அல்ல.

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் இதற்குப் பள்ளிக்கூடத்திலேயே பாடம் வைத்தார்கள். 2017-இல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது, அது ஆபத்து என்று பொய்ச் செய்தி பரவியது. பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தார்கள். மறு ஆண்டு மாவட்ட ஆட்சியர் முயற்சியில் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் வகுப்பு தொடங்கியது. வந்த செய்தி உண்மையா, பொய்யா என்று எப்படிப் பார்ப்பது என்பதே பாடம். நமக்கு அந்த வகுப்பு கிடைக்கவில்லை. அதனால் நம் பாயில் நாமே நடத்த வேண்டியதுதான்.

எப்படி நடத்துவது? வாரம் ஒரு நாள், பாடம் தொடங்கும் முன், அந்த வாரம் போனில் வந்த ஒரு செய்தியை யாராவது உரக்கப் படிக்கட்டும். யார் எழுதியது, எந்த ஊர், எந்தத் தேதி என்று தேடுங்கள். பல செய்திகளில் மூன்றுமே இருக்காது. வீடியோ என்றால், இதற்கு முன்னால் என்ன நடந்திருக்கும், பின்னால் என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். தெரியாததை அனுப்பாமல் விடலாம்.

சில வகுப்புகளில் நாடகம் போட்டுப் பார்ப்பது நன்றாக நடக்கும். ஒருவர் போலீஸ்காரர் போலப் போனில் பேச வேண்டும். "உன் பேரில் வழக்கு இருக்கிறது. போனை வைக்காதே. யாரிடமும் சொல்லாதே. பணம் கட்டு" என்று மிரட்ட வேண்டும். இதை 'டிஜிட்டல் கைது' என்கிறார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. எந்தப் போலீசும் போனில் கைது செய்து பணம் கேட்பதில்லை. இது தெரிந்தவர்கூட நாடகத்தில் தடுமாறுவார். குரல் உயர்ந்தாலே நமக்குக் கை நடுங்குகிறது. போனை வைத்துவிட்டு, "டீச்சர், இப்படி ஒருத்தன் பேசினான்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதை இரண்டு, மூன்று தடவை பழகிப் பார்க்க வேண்டும். "யாரிடமும் சொல்லாதே" என்று அவன் சொன்னால், முதல் வேலையாக யாரிடமாவது சொல்ல வேண்டும்.

படித்துப் பேசுங்கள்

கீழே உள்ள செய்தியை ஒருவர் எழுத்துக்கூட்டி உரக்கப் படிக்கட்டும். மற்றவர்கள் கேளுங்கள்.

"அன்புள்ள வாடிக்கையாளரே, போன மாத மின் கட்டணம் பதிவாகவில்லை. இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படும். உடனே எங்கள் அதிகாரியைக் கீழே உள்ள எண்ணில் அழைக்கவும்."

இதில் உங்களைப் பயமுறுத்தும் வார்த்தை எது? அவசரப்படுத்தும் வார்த்தை எது? உங்கள் பெயரோ, மின் இணைப்பு எண்ணோ இதில் இருக்கிறதா? போன மாதம் கட்டணம் கட்டிய ரசீது வீட்டில் எங்கே இருக்கிறது? கீழே உள்ள எண்ணுக்குப் பேசாமல், உண்மையை வேறு எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?